தரைக்கு வராத தாள்

1943 மார்ச்சில் ஆங்கிலேய விமானம் ஒன்று ரீட்பாக் ஊரின் மேல் கொட்டிவிட்டுப் போன பிரசாரத் தாள்களில் ஒன்று மட்டும் தரைக்கு வரவில்லை. மாதா கோயில் சலவைக்காரி வால்பர்காவின் வீட்டுக் கூரைக்கு மேலே, புகைபோக்கிக்கு ஒரு முழம் தள்ளி, மேசையில் விரித்து வைத்ததுபோல அது மல்லாந்து நின்றுகொண்டது. எழுத்துள்ள பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது, வெற்றுப் பக்கம் தெருவைப் பார்த்திருந்தது. ஆங்கிலேயர்கள் கடவுளுக்கு எழுதியதைத் தவறான முகவரியில் போட்டுவிட்டார்கள் என்று ஊரில் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த மாதம் உருளைக்கிழங்கு கிடைக்கவில்லை, பீரில் தண்ணீர் கூடியது, டான்யூப் நதியில் பனிக்கட்டி வழக்கத்துக்கு முன்பே உடைந்தது. மற்ற தாள்களைப் பள்ளிப் பிள்ளைகள் கூர்க்குச்சியால் குத்திப் பொறுக்கிக் கொடுக்க, தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள். படிக்காமல் பொறுக்க வேண்டும் என்பது உத்தரவு. கண் என்ன கதவா, நினைத்தபோது சாத்திக்கொள்ள? போர் தோற்றுப்போய்விட்டது, வோல்கா கரையில் ஒரு படையே அழிந்துவிட்டது, உங்கள் தலைவர் உங்களிடம் பொய் சொல்கிறார் என்று அதில் எழுதியிருந்தது பாதி ஊருக்குத் தெரியும். தெரியாது என்று முழு ஊரும் சொன்னது. கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்ததாம், அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கூரைமேல் நின்ற அந்த ஒற்றைத் தாளை இறக்க ஸ்டாட்லர் எவ்வளவோ முயன்றார். அவர் மாட்டுத்தீவன வியாபாரி, ஊரில் கட்சிக்கும் அவர்தான் பொறுப்பாளர். தீயணைப்பு ஏணி வைத்து ஆள் ஏறினால், பிடிக்கப் போன கோழி மாதிரி தாள் ஒரு கை தூரம் விலகிக்கொண்டது. ஆள் இறங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பியது. வேட்டைத் துப்பாக்கியால் சுட்டபோது வால்பர்காவின் ஓடுகள் நாலைந்து உடைந்ததுதான் மிச்சம். நதிக்காற்று மரங்களை முறித்த நாளிலும் அது அசையவில்லை. பனி பெய்தால் கூரை முழுக்க வெள்ளையாகி, தாளுக்குக் கீழே மட்டும் தாளளவுக்கு ஒரு கட்டம் சிவப்பாகத் தெரிந்தது. கடைசியில், தாளை இறக்க முடியாவிட்டால் தலைகளை இறக்கலாம் என்று ஸ்டாட்லர் முடிவுசெய்தார். அந்தத் தெருவில் யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கூரைச் சன்னல்களை ஆணி அடித்து மூடினார்கள். ஊரே கீழே பார்த்து நடந்து பழகியது. பிறவிக் கூனரான தையல்காரரை முன்மாதிரிக் குடிமகன் என்று கட்சிக் கூட்டத்தில் பாராட்டி மாலை போட்டார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதாராம்.

வால்பர்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவன் கருங்கல் குவாரியில் நசுங்கிச் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. பீடத் துணிகளையும் சாமியாரின் அங்கிகளையும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்து ஒரே மகனை வளர்த்தாள். அவன் பெயர் எம்மெரம். தச்சு வேலை தெரிந்த பையன், கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான், வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டான். அடுப்புப் பக்கத்துக் கல் சூடாக இருக்கும், அதன்மேல் வெறுங்காலோடு நிற்பது அவனுக்குப் பிடிக்கும். சனிக்கிழமை தோறும் அவள் தரையைக் கழுவி நிமிர்வதற்குள் ஈரத்தில் அவன் பாதங்கள் வாசலிலிருந்து அடுப்பு வரை பதிந்திருக்கும். அதற்காக அவள் திட்டாத சனிக்கிழமை கிடையாது. அவனை வோல்கா கரைக்கு அனுப்பினார்கள். நவம்பரில் வந்த கடைசிக் கடிதத்தில் காலுறை கேட்டிருந்தான். அவள் பின்னி அனுப்பிய மூன்று ஜோடியும் பிப்ரவரியில் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. அதற்கு அடுத்த மாதம்தான் தாள் வந்து கூரைமேல் நின்றது. ஊர் முழுக்கக் கூரை இருக்க, அது ஏன் தன் கூரையைத் தேடி வந்தது என்று அவள் யோசித்தாள். மற்றவை பொதுவான தாள்கள், இது தனக்கு வந்தது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அதைப் பிடுங்க யாரால் முடியும்?

ரீட்பாக்கில் கூரைமேல் ஏறச் சட்டப்படி உரிமை உள்ளவர் ஒரே ஒருவர். புகைபோக்கிகளைத் துடைத்துக் கரி எடுக்கும் கயெட்டன் விம்மர். போர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அடுப்பு எரிகிற வீட்டில் வருடத்துக்கு நாலு தடவை கரி எடுத்தாக வேண்டும் என்பது விதி. ஐந்து பிள்ளைகளின் தகப்பன், சீட்டி அடிக்காமல் ஏணி ஏறமாட்டார். எங்கள் பக்கத்தில் கரிக்காரர் எதிரே வந்தால் நல்ல சகுனம். அவருடைய கறுப்புச் சட்டையில் இருக்கும் பித்தளைப் பொத்தானைத் திருகிவிட்டு நினைத்தது நடக்கும் என்று பெண்கள் நம்புவார்கள். அந்த வசந்தத்தில் பிள்ளையைப் போருக்கு அனுப்பிய தாய்மார்கள் திருகித் திருகி அவர் சட்டையில் இரண்டே பொத்தான்தான் மிஞ்சியிருந்தது. ஏப்ரலில் வால்பர்கா வீட்டு முறை வந்தது. தாளைத் துடைப்பத்தால் தட்டிப் பார், படிக்காதே என்று ஸ்டாட்லர் அவருக்குத் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கயெட்டன் ஏறினார், கரி எடுத்தார். தாள் விலகிக்கொண்டது. அன்று இறங்கும்போது அவர் சீட்டி அடிக்கவில்லை. வால்பர்கா கையில் இஸ்திரிப் பெட்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மேல என்ன எழுதியிருக்கு கயெட்டன்?"

"நான் படிக்கல."

"கண்ணு இருக்குல்ல உனக்கு."

"கண்ணும் இருக்கு, கழுத்தும் இருக்கு வால்பர்கா. ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும்."

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். கையை நீட்டி அவருடைய பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். திருகவில்லை, சும்மா பிடித்திருந்தாள். "செத்துட்டான்னு போட்டிருந்தா அதையாவது சொல்லிட்டுப் போ," என்றாள். கயெட்டன் தண்ணீர் கேட்டார். ஒரு குவளையைக் குடித்து முடித்து இன்னொன்று கேட்டார். முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. கரி பூசிய முகத்தில் என்ன ஓடுகிறது என்று பெற்ற தாய்க்கே தெரியாது என்பார்கள்.

"பேருங்க இருக்கு," என்றார். "உசுரோட பிடிச்சு வெச்சிருக்கிறவங்க பேரு. உன் பையன் பேரும் இருக்கு. நீ கேக்கல, நான் சொல்லல."

பொத்தான் அவள் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பிக் கேட்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

துக்கத்தை மறைத்துவிடலாம், சந்தோஷத்தை மறைப்பது மாசமாக இருப்பதை மறைப்பது போலத்தான். அந்த மாதம் பீடத் துணிகளுக்கு வால்பர்கா போட்ட கஞ்சியில் அவை தகரம்போல விறைத்து நின்றன. சாமியாரின் அங்கி மடங்க மறுத்தது. அவள் மறுபடியும் காலுறை பின்ன ஆரம்பித்தாள். தெருவில் குனிந்தே நடந்தாள், ஆனால் குனிந்த தலைக்குள் சிரித்துக்கொண்டே நடந்தாள். இப்படி இருக்கும்போதுதான் மே மாதம் ஸ்டாட்லர் சீருடை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் சீருடையில் வந்தால் வீட்டில் சாவு என்று எல்லாருக்கும் தெரியும். எம்மெரம் டிசம்பரிலேயே தலைவருக்காகவும் நாட்டுக்காகவும் வீரமரணம் அடைந்துவிட்டான் என்று அவனுடைய படைத் தளபதி எழுதியிருப்பதாகச் சொன்னார். "அப்படிங்களா," என்றாள் வால்பர்கா. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஸ்டாட்லர் முட்டாள் இல்லை. திரும்பிப் போகும்போது அவரே போட்ட உத்தரவை அவரே மீறி, அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

ஊர் வழக்கப்படி போரில் செத்தவனுக்கு உடல் இல்லாமலே பூசை வைப்பார்கள். பீடத்துக்கு முன்னால் சவப்பெட்டி மாதிரி ஒரு வெறும் மரச்சட்டம், அதன்மேல் கறுப்புத் துணி, துணிமேல் இரும்புத் தொப்பி. வால்பர்கா பூசைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைத்தால் அவனுடைய உயிரில் பாதி அந்தப் பக்கம் போய்விடும் என்பது எங்கள் ஊரின் பழைய நம்பிக்கை. அந்தப் பயத்தில் இங்கே தூங்குகிற குழந்தையின் கைகளைக்கூட, பிணத்துக்கு வைப்பதுபோல, மார்பின் மேல் குறுக்காக வைக்கவிடமாட்டார்கள். குவிரின் சாமியார் அவளைப் பார்க்க வந்தார். எழுபது வயது, எதற்கும் பயந்தவர், ஆனால் வந்தார். துவைத்த துணி வாங்க வந்ததுபோல கூடையோடு வந்தார்.

"உசுரோட இருக்கிற பிள்ளைக்கு எப்படி சாமி அந்தப் பூசை வைக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொன்னார். அங்கே ஒரு தபால்காரர் எதிரி வானொலி வாசித்த கைதிகள் பட்டியலில் ஒரு பையனின் பெயரைக் கேட்டுவிட்டுத் தாயின் காதில் சொல்லியிருக்கிறார். தாய் அவனுக்கு வைத்த பூசையில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கூட்டிப்போய் விசாரித்தார்கள். போன வாரம் முனிச் சிறையில் தபால்காரரின் தலையை வெட்டிவிட்டார்கள்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல வால்பர்கா," என்றார் சாமியார். "ஆனா இந்த ஊர்ல கூரைக்கு மேல போற ஆளு ஒருத்தன்தான். அவனுக்கு அஞ்சு பிள்ளைங்க. ஸ்டாட்லர் முன்வரிசையில இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கார்."

அவள் அந்தக் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னாள். அது சுருங்கிக் கிடக்கிறது, இஸ்திரி போட வேண்டும் என்றாள். தன் மகனுக்கு விரிக்கப்போகும் துணியைத் தானே இஸ்திரி போட்டாள். கஞ்சி போடவில்லை.

பூசையன்று கோயில் நிறைந்திருந்தது. ஸ்டாட்லர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், ஆனால் பீடத்தைப் பார்த்து உட்காரவில்லை, அரைவாசி திரும்பி வால்பர்காவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கயெட்டன் தன் வழக்கமான இடத்தில், கதவோரத்தில், பலகையில் கரி படக்கூடாது என்று நின்றுகொண்டிருந்தார். அன்று குளித்துத்தான் வந்திருந்தார், பழக்கதோஷம். வால்பர்கா அழ முயன்றாள். செத்துப்போன கணவனை நினைத்தாள். அந்தக் கிணறு எப்போதோ வற்றியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் வந்ததே தவிர கண்ணீர் வரவில்லை. உள்ளே சந்தோஷம் உட்கார்ந்துகொண்டு வழிவிட மறுத்தது. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு ஆரம்பித்தது. ஸ்டாட்லர் இடுப்புப் பட்டையில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திரும்பினார். அவள் கைக்குள் அந்தப் பித்தளைப் பொத்தான் இருந்தது. இறுக்கியதில் உள்ளங்கை வெட்டுப்பட்டது.

அப்போதுதான் வேறு வழியில்லாமல் வால்பர்கா தன் மகனைச் சாகவிட்டாள். இதை அவள் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். நடிக்கத் தெரியாதவள், அதனால் நிஜமாகவே நம்ப வேண்டியிருந்தது. அவனுடைய பாதங்களை நினைத்தாள். ஈரத் தரையில் பதிந்த அந்தப் பாதங்கள் காலுறை இல்லாமல் பனியில் கிடப்பதைப் பார்த்தாள். விரல்கள் கறுத்திருந்தன. செத்துட்டான், என் பிள்ளை செத்துட்டான் என்று மனசுக்குள் ஒரு தடவை சொன்னாள். அதை நம்பினாள். ஒரு பாட்டு நீளத்துக்கு, சந்தேகம் துளியும் வைக்காமல், அவன் செத்தவனாக இருந்தான். உடனே அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகையை அந்தக் கோயில் அதற்கு முன் கேட்டதில்லை என்று வயசானவர்கள் சொல்கிறார்கள். உட்கார்ந்திருந்த பலகை ஆடியது, இரும்புத் தொப்பி நழுவிக் கீழே விழுந்து உருண்டது. ஸ்டாட்லர் திருப்தியாகப் பீடத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். கயெட்டன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அவர் குளித்து வந்திருந்தும், வெள்ளையடித்த அந்தச் சுவரில் கரி படிந்த அடையாளம் இன்றும் இருக்கிறது, எத்தனை தடவை சுண்ணாம்பு பூசினாலும் மேலே வந்துவிடுகிறது.

கயெட்டனின் தலை தப்பியது. அதற்குப் பிறகு ஊரில் நடந்ததெல்லாம் மற்ற ஊர்களிலும் நடந்ததுதான். ரயில் பாலம் குண்டில் போனது, பதினாறு வயதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், குதிரைக் கறிக்கு வரிசையில் நின்றார்கள். 1945 வசந்தத்தில் அமெரிக்கர்கள் வந்தபோது ஸ்டாட்லர் தலைவரின் படத்தைக் கழற்றி அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டினார். சில மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து மறுபடியும் தீவனம் விற்றார், எடை சரியாகத்தான் இருந்தது. தாள் அங்கேயேதான் நின்றது. அமெரிக்கச் சிப்பாய்கள் புகையிலையை மென்றுகொண்டு தாராளமாக அண்ணாந்து பார்த்தார்கள், ஏணி வைத்து ஏறியும் பார்த்தார்கள். அவர்களிடமும் அது விலகிக்கொண்டது. ஜெயித்தவன் தோற்றவன் என்ற பேதம் அதற்கு இல்லை. தடை போய்விட்ட பிறகும் ஊர்க்காரர்கள் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து பழகிய கழுத்து அவ்வளவு சீக்கிரம் நிமிராது. வால்பர்கா மட்டும் தினமும் வாசலில் நின்று மேலே பார்த்து, அந்த வெற்றுப் பக்கத்துக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

எம்மெரம் 1949 அக்டோபரில் மதிய ரயிலில் வந்து இறங்கினான். இறங்கினான் என்று சொல்வது வழக்கத்துக்காக, ஏனென்றால் அவன் தரைக்கு வரவில்லை. நடைமேடையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றான். கால் எடுத்து வைத்துத்தான் நடந்தான், அந்த அடிகள் காற்றில் விழுந்தன, அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் பயணச்சீட்டை வாங்கிக் கிழித்துக்கொண்டார், அவருக்கு அதற்கு மேல் உத்தரவு இல்லை. தெருவில் பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வால்பர்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகனைக் கட்டிக்கொண்டாள், முகத்தைத் தடவினாள், பல்லெல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகுதான் கீழே பார்த்தாள். மண்டியிட்டு அவனுடைய பாதத்துக்கும் தரைக்கும் நடுவே கையை நுழைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தடவினாள். ஒன்றும் தடுக்கவில்லை.

எந்த நாளில் இப்படி ஆயிற்று என்று அவள் கேட்டாள். 1943 மே மாதம் ஒரு காலையில் என்றான், போர்க் கைதிகள் முகாமில் வரிசையாக நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தபோது. எந்தக் காலை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்று சாயந்திரம் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பூசையைச் சொன்னாள், கரிக்காரரைச் சொன்னாள், ஸ்டாட்லர் திரும்பி உட்கார்ந்ததைச் சொன்னாள்.

"உன்னைச் செத்தவன்னு நம்பினேன்டா. ஒரு பாட்டு முடியிற வரைக்கும் நம்பினேன். நான்தான் உன்னை இப்படி ஆக்கிட்டேன்."

எம்மெரம் அடுப்புக் கல்லுக்கு மேலே காலை நீட்டிக்கொண்டிருந்தான். சூடு அவன் பாதத்தை எட்டியும் எட்டாமலும் இருந்திருக்கும். "பனியில நின்னவங்களுக்கெல்லாம் கால் அழுகிப் போச்சும்மா," என்றான். "என் கால் பனியைத் தொடவே இல்ல. அதனாலதான் வந்து சேர்ந்தேன்." அது உண்மையா, தாய்க்காகச் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. அவனோடு முகாமில் இருந்தவர்கள் வேறு யாரும் திரும்பி வரவில்லை.

அந்த வாரமே அவன் கயெட்டனின் ஏணியை வாங்கிக்கொண்டு கூரைமேல் ஏறினான். கயெட்டன்தான் அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வால்பர்கா முற்றத்தில் ஈரக் கையோடு நின்றாள். எல்லாரிடமும் விலகிய தாள் எம்மெரமிடம் விலகவில்லை. அவன் அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துப் படித்தான். ஆறு வருட வெயிலிலும் மழையிலும் மை கொஞ்சம்கூட மங்கவில்லை. போர் தோற்றுப்போய்விட்டது என்று இருந்தது. வோல்கா கரையில் ஒரு படையே அழிந்துவிட்டது என்று இருந்தது. உங்கள் தலைவர் உங்களிடம் பொய் சொல்கிறார் என்று இருந்தது. கடைசி வரியில், உங்கள் பிள்ளைகள் எங்கே, கேளுங்கள் என்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. பெயர் ஒன்றுகூட இல்லை. எரித்துப்போட்ட தாள்களில் இருந்ததேதான் இதிலும் இருந்தது.

"இருக்காடா?" என்று கீழேயிருந்து வால்பர்கா கேட்டாள். ஏணியைப் பிடித்திருந்த கயெட்டன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எம்மெரம் தாயைப் பார்த்தான். கரிக்காரரின் குனிந்த தலையைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்து, சத்தமாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தான்: "எம்மெரம் ஹாஸ்லிங்கர். ரீட்பாக். உயிரோடு இருக்கிறார்."

"கயெட்டன் சொன்ன மாதிரியே," என்றாள் வால்பர்கா. இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுவதற்குப் பயந்தவள்போல உடனே சமையலறைக்குள் போய்விட்டாள். எம்மெரம் தாளை விட்டான். அது எல்லாத் தாளையும்போல ஆடி ஆடி இறங்கி, முற்றத்துச் சேற்றில் விழுந்தது. கயெட்டன் அதன்மேல் காலை வைத்து, மண்ணுக்குள் போகும்வரை மிதித்தார்.

அதன்பிறகு வால்பர்கா எட்டு வருடம் இருந்தாள். எம்மெரம் தச்சு வேலையை விட்டுவிட்டான், உளியில் ஊன்ற எடை வேண்டும். கயெட்டனோடு சேர்ந்து கூரை வேலைக்குப் போனான், அவன் நடந்தால் ஓடு உடைவதில்லை. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தாய் அவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டி அடுப்புக் காலில் முடிந்துவிடுவாள். படுக்கும்போது போர்வையின் நாலு மூலையிலும் இஸ்திரிப் பெட்டிகளை வைப்பாள். பெண் கொடுக்க யாரும் வரவில்லை, அவனும் கேட்கவில்லை. போர் நினைவுக் கல்லில் அவன் பெயரைச் செதுக்கிவிட்டிருந்தார்கள். அதை எடுத்துவிடலாமா என்று ஊர்சபையில் பேச்சு வந்தது. முழுசாக வந்து சேரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். வால்பர்காவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது, அதை அண்டை வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை தரையைக் கழுவிவிட்டு வேண்டுமென்றே வாசலைத் திறந்துவைப்பாள். அவன் வெறுங்காலோடு உள்ளே வந்து அடுப்பு வரை போவான். ஈரத்தில் ஒன்றும் பதியாது. அவள் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். திட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

1958 பிப்ரவரியில் சளி கட்டி அவள் செத்துப்போனாள். அதே கோயில், அதே கறுப்புத் துணி, இந்தத் தடவை அதற்குக் கீழே உடல் இருந்தது. பித்தளைப் பொத்தானைக் கைக்குள் வைத்து மூடினார்கள். கிழவராகிவிட்ட கயெட்டன் கதவோரத்தில் நிற்காமல் முன்னால் வந்து எம்மெரமின் பக்கத்தில் நின்றார். பாட்டுக்கு நடுவே, பீடத்தைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்.

"நான் பார்த்தப்ப அந்தத் தாள்ல உன் பேரு இல்ல தம்பி."

எம்மெரமும் பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்ண்ணே," என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்புறமா வந்திருக்கும்," என்றான்.

அதுவும் நடக்கக்கூடியதுதான் என்று கயெட்டனுக்குப் பட்டது. இந்த ஊரில் அதைவிடப் பெரியதெல்லாம் நடந்திருக்கிறது. அவர் தலையாட்டினார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார். எம்மெரம் அழுதான். சத்தம் வரவில்லை, முகத்தைத் துடைக்கவும் இல்லை. பூசை முடிந்து எல்லாரும் கல்லறைக்குப் போன பிறகு கோயில் பெருக்க வந்த பெண், அவன் நின்றிருந்த இடத்துக்கு நேர் கீழே கல் நனைந்திருப்பதைப் பார்த்தாள். திரும்பி வந்த பிறகு ரீட்பாக் தரையில் அவன் விட்ட அடையாளம் அது ஒன்றுதான். அவள் அதைத் துடைக்காமல், தானாகக் காயட்டும் என்று சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.